சாயத்தில் குறையில்லை... பக்கத்து நிறத்தில்தான் சங்கதி!

மேட்சிங் சென்டர்களில் தினமும் நடக்கிற காட்சி இது. புடவையைக் காட்டி, அதற்குப் பொருத்தமான ப்ளவுஸ் துணி கேட்கிறார் ஒரு பெண்மணி. கடைக்காரர் அலமாரியிலிருந்து ஏழெட்டுப் பச்சைத் துணிகளை எடுத்து மேஜையில் போடுகிறார். தனியாகப் பார்க்கும்போது 'இதேதான்' என்று தோன்றிய துணி, புடவையின் மேல் வைத்ததும் வேறு பச்சையாகிவிடுகிறது.

"டியூப் லைட்டுல பார்க்காதீங்கக்கா, வாசல்ல வெச்சுப் பாருங்க" என்கிறார் கடைக்காரர். வாசலுக்குப் போனால் அது மூன்றாவது பச்சை. வீட்டுக்கு வந்து பிரித்தால் நான்காவது பச்சை. மறுநாள் துணியை மாற்ற வந்தால், "நேத்து நீங்கதானே பார்த்து எடுத்தீங்க" என்று ஒரு சின்ன வாக்குவாதம்.

குறை எங்கே இருக்கிறது? துணியிலா, சாயத்திலா, விளக்கிலா, பார்க்கிற கண்ணிலா? ஏறக்குறைய 200 ஆண்டுகளுக்கு முன்பு, பிரான்ஸ் நாட்டின் புகழ்பெற்ற சாயப்பட்டறை ஒன்றின் பெயரே கெட்டுப்போகும் அளவுக்கு இந்தக் கேள்வி எழுந்தது. அதற்குப் பதில் தேடிப் போனவர் ஒரு வேதியியல் விஞ்ஞானி. அவர் கண்டுபிடித்தது இன்று ஓவியம், ஜவுளி, அச்சு, செல்போன் திரை என எல்லா இடத்திலும் பயன்படுகிறது.

கறுப்பு நூல் மேல் வந்த புகார்

பாரிஸ் நகரில் 'கோப்லான்' என்ற நெசவுக்கூடம் இருக்கிறது. 1662-ல், பதினான்காம் லூயி மன்னர் காலத்தில் அரசு நிறுவனமான இடம். அரண்மனைச் சுவர்களில் தொங்கவிடும் பிரமாண்டமான சித்திரத் திரைகளை அங்கே நெய்தார்கள். அதற்கான கம்பளி நூலுக்குச் சாயம் போடுவதும் அங்கேயேதான்.

1824-ல் அந்தச் சாயப் பிரிவுக்குப் பொறுப்பாளராக வந்தார் மிஷேல் யூஜீன் ஷெவ்ரோல். எண்ணெய், கொழுப்பு, சோப்பு பற்றிய ஆராய்ச்சியில் ஏற்கெனவே பெரிய பெயர் வாங்கியவர். ஓவியத்துக்கும் அவருக்கும் சம்பந்தமில்லை.

வந்த இடத்தில் அவர் முன்னால் நின்றது ஒரு புகார். 'இங்கே போடுகிற கறுப்புச் சாயம் சரியில்லை. நீல, ஊதா உடைகளின் மடிப்பில் நிழல் காட்டுவதற்காகக் கறுப்பு நூல் வைத்தால், அது வெளிறிப்போய் உயிரில்லாமல் தெரிகிறது' என்பதுதான் புகார்.

சாயக்காரர்களைக் கூப்பிட்டுக் கண்டிப்பதோ, சாயக் கலவையை மாற்றுவதோ சுலபமான வழியாக இருந்திருக்கும். ஷெவ்ரோல் அப்படிச் செய்யவில்லை. நல்ல கறுப்புக்குப் பெயர்போன மற்ற பட்டறைகளிலிருந்து கறுப்புக் கம்பளி வரவழைத்தார். கோப்லான் கறுப்போடு பக்கத்தில் வைத்து ஒப்பிட்டார். எந்த விதத்திலும் கோப்லான் கறுப்பு மட்டமாக இல்லை.

அப்படியானால் சாயத்தில் குறையில்லை. பிறகு ஏன் வெளிறித் தெரிகிறது? நீலத்துக்கும் ஊதாவுக்கும் பக்கத்தில் வரும்போதுதான் அந்தப் பிரச்னை என்பது அவருக்குப் பிடிபட்டது. தவறு செய்தது கறுப்பு அல்ல. அதன் பக்கத்தில் உட்கார்ந்திருந்த நிறம்!

கண் தானாகச் சேர்க்கும் நிறம்

இதை வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். வெள்ளைத் தாளில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு அடர்சிவப்புப் பொட்டு ஒன்றை ஒட்டுங்கள். அதன் நடுவில் அரை நிமிடம் கண் அசையாமல் பாருங்கள். பிறகு பார்வையைத் தாளின் வெற்று இடத்துக்கு மாற்றுங்கள். அங்கே இல்லாத ஒரு நீலப்பச்சை வட்டம் மிதக்கும்.

சிவப்பையே பார்த்துக்கொண்டிருந்ததில், சிவப்பை உணரும் பகுதி சோர்ந்துவிடுகிறது. வெள்ளையைப் பார்க்கும்போது மற்றவை ஓங்கி நிற்பதால், சிவப்பின் எதிர் நிறம் தெரிகிறது. இரண்டு நிறங்கள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும்போது, கொஞ்சம் மெல்லியதாக இதே மாதிரியான காரியம் நடக்கிறது. உற்றுப் பார்க்கவே வேண்டாம். ஒவ்வொரு நிறமும் தன் எதிர் நிறத்தின் சாயலைப் பக்கத்து நிறத்தின் மேல் லேசாகப் பூசிவிடுகிறது.

நீலத்தின் எதிர்ப்பக்கம் ஆரஞ்சு. ஆகவே நீலத்துக்குப் பக்கத்தில் இருக்கிற கறுப்பின் மேல், கண் ஒரு மெல்லிய ஆரஞ்சுச் சாயலைச் சேர்க்கிறது. கறுப்பின் மேல் வெளிச்சமான ஆரஞ்சு சேர்ந்தால் என்ன ஆகும்? துருப்பிடித்த மாதிரி, வெளுத்த மாதிரி தெரியும். நெசவாளர்கள் பார்த்தது அதைத்தான்.

பல ஆண்டுகள் சோதித்துப் பார்த்து, 1839-ல் இதை ஒரு பெரிய புத்தகமாகவே வெளியிட்டார் ஷெவ்ரோல். ஓவியர்கள் அதைத் தேடிப் படித்தார்கள். புள்ளி புள்ளியாக நிறங்களை வைத்து ஓவியம் தீட்டிய ஜார்ஜ் சூரா அவர்களில் முக்கியமானவர். ஷெவ்ரோல் 102 வயது வரை வாழ்ந்தார். ஐஃபில் கோபுரம் திறக்கப்பட்ட 1889-ம் ஆண்டில்தான் மறைந்தார். அந்தக் கோபுரத்தில் பொறிக்கப்பட்டுள்ள 72 அறிஞர்களின் பெயர்களில் அவர் பெயரும் உண்டு.

வட்டத்தில் உட்கார்ந்த வானவில்

'எதிர் நிறம்' என்று எதை வைத்துச் சொல்கிறார்கள்? அதற்கு நியூட்டனிடம் போக வேண்டும். 1660-களில் முப்பட்டகக் கண்ணாடி வழியாகச் சூரிய ஒளியைச் செலுத்தி, வெள்ளை ஒளிக்குள் எல்லா நிறங்களும் இருக்கின்றன என்று காட்டியவர் அவர். 1704-ல் வெளியான தன் ஒளியியல் புத்தகத்தில், வானவில்லின் இரண்டு முனைகளையும் வளைத்துச் சேர்த்து ஒரு வட்டமாக வரைந்தார். இன்றைய 'கலர் வீல்' எனப்படும் நிறச் சக்கரங்களுக்கு அதுவே முன்னோடி.

சக்கரத்தில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் நிறங்கள் ஒன்றோடொன்று இழைந்து போகும். மஞ்சளும் ஆரஞ்சும், நீலமும் பச்சையும் அப்படி. நேரெதிரே இருக்கும் நிறங்கள் ஒன்றையொன்று தூக்கிக் காட்டும். சிவப்பும் பச்சையும், நீலமும் ஆரஞ்சும் அப்படி.

'அடிப்படை நிறங்கள் எவை?' என்று கேட்டால் வீட்டுக்குள்ளேயே மூன்று பதில் வரும். ட்ராயிங் கிளாஸ் போகிற குழந்தை சிவப்பு, மஞ்சள், நீலம் என்று சொல்லும். அச்சகத்தில் வேலை பார்ப்பவர் சயான், மஜெந்தா, மஞ்சள், கூடவே கறுப்பு என்பார். நீங்கள் இதைப் படித்துக்கொண்டிருக்கும் செல்போன் திரையோ சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று ஒளிப்புள்ளிகளை வைத்தே எல்லா நிறத்தையும் காட்டுகிறது. மூன்றுமே அவரவர் வேலைக்குச் சரி. சாயத்தைச் சாயத்தோடு கலந்தால் இருட்டு கூடும். ஒளியை ஒளியோடு கலந்தால் வெளிச்சம் கூடும். வித்தியாசம் அங்கேதான்.

இந்தச் சக்கரத்தைப் பார்க்காமலேயே இதைப் பழகியவர்கள் நம் ஊர் நெசவாளர்கள். அரக்கு உடலுக்குப் பச்சைக் கரை வைக்கிற காஞ்சிபுரம் பட்டு, எதிர் நிறங்களின் விளையாட்டு. உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு வேறு நிறம் என்று தனித்தனி ஊடை நூல் கொடுத்துச் சேர்க்கிற 'கோர்வை' நெசவில், இரண்டு நிறமும் கலங்காமல் சுத்தமாகச் சந்திக்கும். 'மயில் கழுத்து' நிறமோ வேறு வித்தை. நீலப் பாவும் பச்சை ஊடையுமாக நெய்யும்போது, தனித்தனி நூல்கள் கண்ணுக்குத் தெரியாமல் ஒன்றாகக் கலக்கின்றன. புடவை அசையும்போது ஒருமுறை நீலமாக, ஒருமுறை பச்சையாக மினுங்குகிறது. சூரா புள்ளிகளை வைத்துத் தேடிய கலப்பு, தறியில் நூலை வைத்தே நடக்கிறது.

பெயரை விட முக்கியமான ஒன்று

நிறம் என்றதும் நாம் பெயரைத்தான் கேட்கிறோம். சிவப்பா, பச்சையா? ஆனால், ஒரு நிறத்தைப் பற்றிக் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று என்றார் அமெரிக்காவின் பாஸ்டன் நகர ஓவிய ஆசிரியர் ஆல்பர்ட் மன்செல். 1905-ல் வெளியான தன் புத்தகத்தில் அவர் அதை ஒழுங்குபடுத்திக் காட்டினார்.

முதல் கேள்வி, அது என்ன நிறம்? சிவப்பு, மஞ்சள், பச்சை, நீலம், ஊதா... இது 'ஹ்யூ'.

இரண்டாவது, அது எவ்வளவு வெளிர், எவ்வளவு அடர்? இது 'வேல்யூ'. முழுக் கறுப்புக்கு 0, முழு வெள்ளைக்கு 10 என்று ஏணி மாதிரி வைத்தார் மன்செல்.

மூன்றாவது, அது எவ்வளவு பளிச்சென்று இருக்கிறது, எவ்வளவு மங்கலாக இருக்கிறது? இது 'க்ரோமா'. வாடாமல்லிப் பூ பளிச். அதே பூ காய்ந்து சருகானால் மங்கல்.

இந்த மூன்றில் மேடையில் கைதட்டல் வாங்குவது நிறத்தின் பெயர். திரைக்குப் பின்னால் வேலை செய்வது வேல்யூ. ஒரு பொருள் எங்கே முடிகிறது, எது முன்னால், எது பின்னால், எது மேடு, எது பள்ளம் என்பதையெல்லாம் கண் பெரும்பாலும் வெளிர், அடர் வித்தியாசத்தை வைத்தே கண்டுகொள்கிறது.

சாட்சி வேண்டுமா? தமிழின் முதல் முழுநீள வண்ணப் படம் 'அலிபாபாவும் 40 திருடர்களும்' வந்தது 1956-ல். அதற்கு முன் வந்த படங்களை நம் தாத்தா பாட்டிகள் கறுப்பு வெள்ளையில்தான் பார்த்தார்கள். யார் கதாநாயகி, எது நெருப்பு, எது தண்ணீர் என்று யாரும் குழம்பவில்லை. 1954-ல் வந்த 'அந்த நாள்' படத்தில் எஸ்.பாலசந்தர் வெறும் நிழலையும் வெளிச்சத்தையும் வைத்தே நெஞ்சு படபடக்க வைத்தார். நிறத்தை எடுத்துவிட்டாலும் படம் நிற்கும். வெளிர், அடர் வித்தியாசத்தை எடுத்துவிட்டால் ஒன்றுமே நிற்காது.

மஞ்சளுக்கு இதில் தனி இடம். நல்ல பளிச் மஞ்சள், மன்செல் ஏணியில் 8-க்குப் பக்கத்திலேயே இருக்கும். நல்ல பளிச் நீலம் அதில் பாதி உயரத்தில்தான் நிற்கும். அதாவது, மஞ்சள் பிறவியிலேயே வெளிர். அதன் மேல் கறுப்பு எழுத்து வைத்தால் தூரத்திலிருந்தே படிக்கலாம். நம் ரயில் நிலையப் பெயர்ப் பலகைகள் மஞ்சளில் கறுப்பு எழுத்தோடு இருப்பதை நினைத்துப் பாருங்கள். ஓடுகிற ரயிலின் ஜன்னலிலிருந்தும் ஊர்ப் பெயர் தெரிகிறது. அதே மஞ்சளை வெள்ளைச் சுவரில் எழுதினால் பக்கத்தில் போனாலும் தெரியாது.

இந்த வேல்யூவும் பக்கத்து வீட்டைப் பார்த்து மாறும். அடர்த்திக்குப் பக்கத்தில் வெளிர் இன்னும் வெளிராகத் தெரியும். கறுத்த கூந்தலில் மல்லிகை கூடுதல் வெண்மையாகத் தெரிவது அதனால்தான். கோலத்தைச் சுற்றிக் காவி இழுத்ததும் மாவின் வெள்ளை எடுப்பாகத் தெரிவதும் அதனால்தான். அபார்ட்மென்ட் வாசலின் வெளிர் டைல்ஸில் போட்ட கோலம் எடுபடாமல் போவதற்கும் இதுவே காரணம். மாவில் குறையில்லை. தரைதான் மாவோடு போட்டி போடுகிறது!

மறைந்துபோகும் சூரியன்

வேல்யூ தெரிந்த ஓவியர் என்ன மாயம் செய்யலாம் என்பதற்கு ஓர் உதாரணம், பிரெஞ்சு ஓவியர் மோனே 1872-ல் லெ ஹாவ்ர் துறைமுகத்தை வரைந்த 'இம்ப்ரெஷன், சூரியோதயம்'. மங்கலான நீலச் சாம்பல் பனிமூட்டத்தில் ஆரஞ்சு நிறச் சூரியன் துடிப்பாக மின்னும். 'இம்ப்ரெஷனிசம்' என்ற ஓவிய இயக்கத்துக்கே பெயர் கொடுத்த படம் அது.

அந்தப் படத்தைக் கறுப்பு வெள்ளையாக மாற்றினால் ஓர் ஆச்சர்யம் காத்திருக்கிறது. சூரியன் ஏறக்குறைய காணாமல் போய்விடும்! காரணம், சூரியனுக்கும் சுற்றியுள்ள வானத்துக்கும் மோனே கிட்டத்தட்ட ஒரே வேல்யூவைக் கொடுத்திருக்கிறார். நிறம் மட்டும்தான் வேறு.

ஹார்வர்டு பல்கலைக்கழக நரம்பியல் விஞ்ஞானி மார்கரெட் லிவிங்ஸ்டன் இதற்கு விளக்கம் தந்தார். நம் மூளையில் ஒரு பகுதி, பொருள் எங்கே இருக்கிறது, நகர்கிறதா என்று பார்க்கிறது. அதற்கு நிறம் தெரியாது, வெளிச்ச வித்தியாசம் மட்டுமே தெரியும். இன்னொரு பகுதி நிறத்தைப் பார்க்கிறது. மோனேயின் சூரியனை நிறம் பார்க்கும் பகுதி காண்கிறது. இடம் பார்க்கும் பகுதியால் அதைச் சரியாகப் பிடிக்க முடியவில்லை. அந்த இழுபறியில்தான் சூரியன் நின்ற இடத்தில் நிற்காமல் துடிக்கிற மாதிரி தெரிகிறது.

படிக்கட்டில் தெரியாத விளிம்பு

ஓவியத்தில் இது அழகு. மாடிப்படியில் இதுவே ஆபத்து.

வயது ஏற ஏற, கண்ணில் உள்ள லென்ஸ் மெல்ல மஞ்சளாகிறது. நீல ஒளி உள்ளே போவது குறைகிறது. வெளிர், அடர் வித்தியாசத்தைப் பிரித்தறியும் திறனும் குறைகிறது. எல்லாப் படிக்கும் ஒரே நிற கிரானைட் பதித்த, 'பார்க்கவே பிரமாதம்' என்று எல்லோரும் சொல்கிற படிக்கட்டில், ஒரு படி எங்கே முடிந்து அடுத்தது எங்கே தொடங்குகிறது என்பது வயதானவர்களுக்குத் தெரியாமல் போகலாம். இருட்டும் நேரத்தில் மேலே இருந்து இறங்கும்போது, அது ஒரே சரிவாகத் தெரியும். 'பாத்து நடக்கக் கூடாதாம்மா?' என்று கேட்பதற்கு முன், பார்ப்பதற்கு அங்கே ஏதாவது இருக்கிறதா என்று பார்ப்பது நல்லது. ஒவ்வொரு படியின் விளிம்பிலும் மாறுபட்ட வேல்யூவில் இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு பட்டை ஒட்டினால் போதும். செலவு சில நூறு ரூபாய். ஒரு இடுப்பு எலும்பு முறிவோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமே இல்லை.

மாத்திரை அட்டையின் வெள்ளித் தாளில் சாம்பல் எழுத்தில் அச்சாகிற காலாவதி தேதியும் இதே ரகம்தான். சிவப்பு, பச்சை பிரித்தறியச் சிரமப்படுகிறவர்களும் உண்டு. பெண்களை விட ஆண்களிடம் இது அதிகம். 'சிவப்பில் இருப்பதை மட்டும் நிரப்பவும்' என்று ஒரு படிவம் சொன்னால், அவர்கள் என்ன செய்வார்கள்? சிவப்பு அடர்த்தியாகவும் பச்சை வெளிராகவும் இருந்தால் அவர்களாலும் பிரிக்க முடியும். நிறத்தின் பெயர் கைவிட்ட இடத்தில் வேல்யூ கைகொடுக்கும்.

இணையப் பக்கங்களுக்கு இதற்கென்றே ஓர் உலக விதிமுறை இருக்கிறது. சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே வெளிச்ச விகிதம் குறைந்தது 4.5-க்கு 1 இருக்க வேண்டும் என்கிறது அது. வெள்ளையில் கறுப்பு எழுத்து என்றால் 21-க்கு 1. வெள்ளையில் பளிச் மஞ்சள் எழுத்து என்றால் 1.07-க்கு 1. பளிச் பச்சையில் பளிச் சிவப்பு எழுத்து வைத்தால், எதிரெதிர் நிறங்களாக இருந்தும் 3-க்கு 1 கூடத் தேறாது. கண் கூசும், எழுத்து புரியாது. நிறம் எதிராக இருந்தால் மட்டும் போதாது, வேல்யூவும் விலகி நிற்க வேண்டும்.

வீட்டில் செய்து பார்க்க...

• புடவை, ப்ளவுஸ், சுவர் பெயின்ட், ஸ்கூல் ப்ராஜெக்ட் சார்ட்... எதுவானாலும் செல்போனில் படம் எடுத்து, எடிட்டில் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். இரண்டும் ஒரே சாம்பலாகக் கலந்துவிட்டால் தூரத்திலிருந்து எடுபடாது.

• கண்ணைப் பாதி மூடிச் சுருக்கிப் பாருங்கள். ஓவியர்கள் காலங்காலமாகச் செய்கிற தந்திரம் இது. சின்னச் சின்ன நிறங்கள் மங்கி, வெளிர், அடர் மட்டும் தெரியும்.

• துணியைத் தனியாக வைத்து முடிவு செய்யாதீர்கள். எதனோடு உடுத்தப் போகிறீர்களோ அதன் மேல் வைத்து, எந்த வெளிச்சத்தில் உடுத்தப் போகிறீர்களோ அதில் பாருங்கள். ராத்திரி ரிசப்ஷனுக்கு எடுப்பதை வெயிலில் மட்டும் பார்த்தால் போதாது.

• பெயின்ட் கார்டில் இருக்கிற சின்னக் கட்டத்தை நம்பாதீர்கள். சுவரில் ஒரு பெரிய சதுரம் அடித்து, காலை, மாலை, விளக்கு வெளிச்சம் என மூன்று வேளையும் பாருங்கள்.

• பெரியவர்கள் இருக்கிற வீட்டில் படி விளிம்பு, சுவிட்ச் போர்டு, பாத்ரூம் கைப்பிடி மூன்றும் சுற்றியுள்ள சுவர், தரையிலிருந்து பளிச்செனப் பிரிந்து தெரிகின்றனவா என்று பாருங்கள்.

அடுத்த முறை மேட்சிங் சென்டர் போகும்போது, கடைக்காரரோடு சண்டைக்குப் போவதற்கு முன் ஷெவ்ரோலை ஒரு நிமிடம் நினைத்துக்கொள்ளலாம். புகார் வந்ததும் சாயக்காரர்கள் மேல் அவர் பாயவில்லை. நூலைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். புடவையையும் துணியையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு வாசல் வெளிச்சத்துக்கு வருகிற ஒவ்வொரு பெண்மணியும் செய்வது அதே சோதனையைத்தான்!